தம்பியின் சேட்டில் மண்ணெண்ணெய்: அது கொலைக்குச் சான்றாகுமா?

வாசகர் கேள்விக்கு ஒரு சட்டத்தரணியின் பதில். ஆளையோ ஊரையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கொப்பித் தாளில் ஒன்பது பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். அவருடைய ஒரே தம்பிக்கு இருபத்தொன்பது வயது. குளத்துக்குக் கீழே குத்தகைக் காணியில் கச்சானும் மிளகாயும் செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, சந்தியில் இருந்த கிடுகுக் கூரைப் பெட்டிக்கடை எரிந்தது. உள்ளே படுத்திருந்த முதிய கடைக்காரர் இறந்துபோனார். அன்று பின்னேரம் பதினெட்டாயிரம் ரூபாய் கடன் பாக்கிக்காக அவருக்கும் தம்பிக்கும் வாய்த்தர்க்கம் நடந்ததை நாலைந்து பேர் கண்டிருக்கிறார்கள். இரவு ஒன்பதரை மணியளவில் தம்பி அந்த வீதியால் சைக்கிளில் போனதை அயலவர் ஒருவர் கண்டதாகச் சாட்சி சொன்னார்.

மறுநாள் பொலிஸார் தம்பியைப் பிடித்தார்கள். அவர் போட்டிருந்த சேட்டில் மண்ணெண்ணெய் இருந்ததாகவும், கடைத் தரையில் எடுத்த மண்ணிலும் அது இருந்ததாகவும் பகுப்பாய்வு அறிக்கை வந்தது. பத்தைக்குள் இருந்து எடுத்த பிளாஸ்ரிக் கானில் தம்பியின் கைரேகை. எரிந்த இடத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர், தரையில் உள்ள அடையாளங்களைக் கொண்டு, இரண்டு இடத்தில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கப்பட்டது என்றார். மேல் நீதிமன்றம் “விஞ்ஞானச் சான்று ஐயமற நிறுவுகிறது” என்று எழுதி மரண தண்டனை விதித்தது.

சகோதரியின் கேள்விகளை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: “கொழும்பில இருந்து வந்த ரிப்போட்டை மறுத்துக் கதைக்க ஏலுமா? அதை எழுதினவர் காசு வாங்கியிருப்பாரோ? டி.என்.ஏ. செய்தால் தம்பி வெளியில வருவானா? பொலிஸில ஒப்புக்கொண்டு கையெழுத்து வைச்சிட்டானாம், அதுக்குப் பிறகு ஏதும் செய்யலாமா? மேன்முறையீட்டுக்குக் கனகாலம் எடுக்குமாம், ஜனாதிபதிக்கு எழுதினால் போதாதா? அம்மா வாட்டர் பம்மை வித்து லோயருக்குக் காசு கட்டச் சொல்லுறா. வாங்க ஆளும் வந்திட்டுது. விக்கட்டா?”

இந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது தீர்ப்புச் சொல்லிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யச் சட்டம் தருவது 14 நாள். எனவே அன்று பின்னேரமே தொலைபேசியில் அழைத்தேன். சிறைச்சாலை அதிகாரி ஊடாகத் தம்பி தன் மேன்முறையீட்டைக் கொடுத்துவிட்டார். இப்போது ஆறுதலாகக் கதைக்கலாம். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது இதை வாசித்தால், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், முதலில் நாளை எண்ணுங்கள்.

தங்கச்சி,

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தம்பி அதைச் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு அக்காவுக்கு அந்த உரிமை உண்டு. நான் பார்ப்பது வேறு: நீதிமன்றத்தின் முன் இருந்தவை அந்தத் தீர்ப்பைத் தாங்குமா? நீங்கள் படம் பிடித்து அனுப்பிய அறிக்கையையும் தீர்ப்பின் பக்கங்களையும் மூன்று தரம் வாசித்தேன். தாங்காது என்றே நினைக்கிறேன்.

அறிக்கையில் இருப்பதும் அதற்கு மேல் ஏற்றியதும்

அறிக்கை எழுதியவர் காசு வாங்கியிருப்பார் என்ற எண்ணத்தை இன்றோடு விடுங்கள். அவர் பொய் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் எழுதியது இரண்டு பக்கம். சேட்டிலும் மண்ணிலும் மண்ணெண்ணெய்க் கூறுகள் காணப்பட்டன, அவ்வளவுதான். எவ்வளவு, எப்போது பட்டது, எப்படிப் பட்டது என்று அவர் எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஆய்வுகூடக் கருவி துளியிலும் துளியைக் கண்டுபிடிக்கும். அந்தத் துளி சேட்டுக்கு வந்த வழியை அது அறியாது. “எதிரியே (குற்றம் சாட்டப்பட்டவரே) ஊற்றினார் என்பது விஞ்ஞானரீதியாக நிரூபணம்” என்ற வசனம் அரச தரப்பின் தொகுப்புரையில் பிறந்து தீர்ப்புக்குள் போயிருக்கிறது. அறிக்கையில் அது இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன்னுடைய பழைய வழக்குகளைத் தானே திருப்பிப் பார்த்து 2015இல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. நுணுக்குக்காட்டியில் தலைமயிரை ஒப்பிட்டு எதிரிக்குப் பாதகமாக நிபுணர்கள் சாட்சி சொன்ன 268 வழக்குகளைப் பார்த்ததில், 257இல் அவர்கள் விஞ்ஞானம் அனுமதிப்பதற்கு மேலாகப் பேசியிருந்தார்கள். மயிர் “ஒத்துப்போகிறது” என்பது ஒரு கதை, “இவருடையதுதான்” என்பது வேறு கதை. அங்கே நிபுணர்களே இரண்டையும் கலந்தார்கள். உங்கள் தம்பியின் வழக்கில் அந்த வேலையைச் சட்டத்தரணிகள் செய்திருக்கிறார்கள்.

இனி அந்த மண்ணெண்ணெய்க்கு வருவோம். தம்பி தோட்டம் செய்தவர். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் வாட்டர் பம்மால் நாள்தோறும் தண்ணீர் இறைத்தவர். கான் சரித்து எண்ணெய் விட்டு, வழிந்ததைச் சேட்டில் துடைத்த கை அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அன்று வன்னியில் யாருடைய உடுப்பைச் சோதித்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்குச் சேட்டில் மண்ணெண்ணெய் விசித்திரம். தோட்டக்காரன் சேட்டில் அது இல்லாவிட்டால்தான் விசித்திரம். அந்தக் கடையோ போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் விற்ற கடை, உள்ளே குப்பி விளக்கும் இருந்தது என்று பொலிஸாரின் சாட்சியே சொல்கிறது. கடைக்கு வெளியே, நெருப்புப் படாத இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி மண் எடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சின்ன விசயம் என் கண்ணில் குத்துகிறது. சேட்டும் மண் மாதிரிகளும் எதில் போட்டுக் கட்டப்பட்டன? எண்ணெய் ஆவி சாதாரண பொலித்தீனுக்குள்ளால் கசியும். அதனால்தான் இப்படிப்பட்ட மாதிரிகளைக் காற்றுப் புகாத தகர டின்னிலோ அதற்கென்றே செய்த பையிலோ தனித்தனியாக அடைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சாட்சியப் பக்கம் ஒன்றில் பொலிஸ் சாட்சி “சொப்பிங் பையில் இட்டு முத்திரையிட்டேன்” என்கிறார். ஒரு பையா, இரண்டு பையா? எண்ணெய் ஊறிய மண்ணும் சேட்டும் ஒரே பெட்டிக்குள் கொழும்பு மட்டும் பயணம் செய்திருந்தால், சேட்டில் இருந்த மணம் எங்கிருந்து வந்தது என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது.

எரிந்த தரையின் கோலம்

வழக்கில் மிகப் பலவீனமான துண்டு இதுதான். ஆனால் தீர்ப்பில் அதிக இடம் பிடித்திருப்பதும் இதுதான்.

நெருப்பு மேல்நோக்கித்தான் எரியும், ஆகவே தரை கருகியிருந்தால் அங்கே எதையோ ஊற்றியிருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் தீ விசாரணையாளர்கள் ஒரு தலைமுறையிடம் இருந்து அடுத்த தலைமுறை கேட்டு நம்பிய பாடம். ஒருவரும் எரித்துப் பார்க்கவில்லை. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1990இல் ஒரு வீடு எரிந்து பலர் இறந்தபோது, குடும்பத் தலைவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அரச தரப்பு நிபுணர்களே பக்கத்தில் இருந்த அதே மாதிரியான வீட்டை அதே தளபாடங்களோடு கொளுத்திப் பார்த்தார்கள், எண்ணெய் எதுவும் ஊற்றாமல். ஐந்து நிமிடம் ஆகுமுன் அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றியது. பிளாஷ் ஓவர் என்பார்கள்: கூரைக்குக் கீழே சேர்ந்த சூட்டுப் புகை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் தரை உட்பட எல்லாம் சேர்ந்து எரியும். அணைத்துவிட்டுப் பார்த்தால், “எண்ணெய் ஊற்றிய அடையாளம்” என்று தாங்களே சாட்சி சொல்ல இருந்த அதே கோலம் தரையில் இருந்தது. வழக்கைக் கைவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1991 முடிவில், ரெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானாவில் கமரன் ரொட் வில்லிங்ஹாம் என்பவரின் வீடு எரிந்து அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் இறந்தார்கள். தரையில் ஊற்றிய கோலம், தீ பல இடத்தில் தொடங்கியது, வெடித்த கண்ணாடி என்று அதே பழைய பாடத்தைச் சொல்லி அவர்மீது கொலைக் குற்றம் நிறுவினார்கள். வேண்டுமென்று தீ வைத்ததற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று பின்னர் தீயியல் நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். அவரை 2004 பெப்ரவரியிலேயே கொன்றுவிட்டார்கள்.

உங்கள் ஊர்க் கடைக்கு வாருங்கள். மண்சுவர், கிடுகுக் கூரை, ஒழுக்குக்காகக் கூரையின் உட்பக்கம் கட்டிய தறப்பாள். கிடுகு எரிந்தால் கொத்துக் கொத்தாகக் கீழே விழும். விழுந்த ஒவ்வொரு இடமும் தீ தொடங்கிய இடம் போலத் தெரியும். தறப்பாள் உருகி, எரிந்தபடியே சொட்டி, தரையில் குட்டை போலத் தேங்கி எரியும். வாளி, கதிரை, நைலோன் பாய் எல்லாம் அப்படித்தான். அந்த அதிகாரி கண்ட “இரண்டு இடம்” எண்ணெய் ஊற்றிய இடமா, கூரை விழுந்த இடமா, தறப்பாள் உருகிய இடமா? நான் தீயியல் படித்தவன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்க வேண்டும் என்று தெரியும். வெறும் கண்ணால் பார்த்து, படம்கூட ஒழுங்காக எடுக்காமல் சொன்ன அபிப்பிராயம் அது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்க வழி விடுகிறது. 51ஆம் பிரிவு அந்த அபிப்பிராயத்துக்கான காரணங்களும் பொருத்தமானவை என்கிறது. இந்தச் சாட்சி காரணம் எதுவும் சொல்லவில்லை, “என் இருபது வருட அனுபவம்” என்றார். அனுபவம் உள்ளவர்கள்தான் ரெக்சாஸிலும் சாட்சி சொன்னார்கள்.

மூச்சுக்குழாயில் கரி இருந்தது என்று சட்ட வைத்திய அதிகாரி சொன்னதை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம். தீப்பிடித்தபோது முதியவருக்கு உயிர் இருந்தது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

கானும் கைரேகையும் பொலிஸ் வாக்குமூலமும்

கைரேகைக்கு வயது கிடையாது. கடையில் எண்ணெய் வாங்கும்போது தம்பி அந்தக் கானைத் தூக்கிக் கொடுப்பது வழக்கம் என்று எதிரிக் கூண்டில் நின்று சொன்ன வாக்குமூலம் தீர்ப்பில் ஒரே வரியில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைரேகை அவருடையதா என்பதையே தனியாக ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்பதில் பிழையில்லை. மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் 2004இல் கிடைத்த கைரேகை ஒன்றை, அந்த மண்ணில் காலே வைக்காத ஓர் அமெரிக்கச் சட்டத்தரணியுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஆமென்றார். ஸ்பெயின் பொலிஸார்தான் அது வேறொருவருடையது என்று காட்டினார்கள். ஆனால் இங்கே தம்பியே கானைத் தொட்டதாகச் சொல்லிவிட்டபடியால் அந்த வழியில் காசைக் கரைக்காதீர்கள்.

கையெழுத்து வைத்துவிட்டான் என்று அம்மா அழுவதாக எழுதினீர்கள். வன்னியில் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்தான் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும். சிங்களத்தில் எழுதிய தாளில் பெருவிரல் அடையாளம் வைத்த சிங்கராசா என்ற தமிழ்க் கைதிக்கு 1995இல் 50 ஆண்டு கிடைத்தது அப்படித்தான். தம்பியின் வழக்கு சாதாரண தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் நடந்தது. அங்கே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸுக்குச் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்துக்குள் வரவே முடியாது. 27ஆம் பிரிவின் கீழ் வந்தது “கானைப் பத்தைக்குள் காட்டுகிறேன்” என்ற துண்டு மட்டும். அது நிரூபிப்பது கான் எங்கே கிடந்தது என்பது அவருக்குத் தெரியும் என்பதையே. யார் போட்டது என்பது அதற்குள் இல்லை.

பொலிஸில் ஒப்புக்கொண்டான் என்பதால் உறவினர் சிலர் உங்களோடு கதைப்பதில்லையாம். கொட்டதெனியாவச் சிறுமி கொலையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 2015இல் அந்த வழக்கில் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நாடு முழுவதும் செய்தி வந்தது. டி.என்.ஏ. அவருடையது இல்லை என்றது. அதே டி.என்.ஏ. பிறகு அவருடைய சகோதரனைக் காட்டியது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நீங்களும் டி.என்.ஏ. என்கிறீர்கள் போலும். அங்கே குற்றவாளி உடலில் இருந்து விட்டுப்போன தடயம் இருந்தது. எரிந்த கடையில் அப்படி எதுவும் எடுக்கப்படவில்லை. சோதிக்கப் பொருள் இல்லாத இடத்தில் சோதனை உதவாது. ஆய்வுகூடமே பொய் என்றும் சொல்ல மாட்டேன். கொக்குத்தொடுவாயில் 2023இல் குழாய் பதிக்க வெட்டிய குழியில் எலும்புகள் வந்தபோது, காணாமல் போனவர்களின் தாய்மார் எதிர்பார்த்து நின்றதும் அந்த விஞ்ஞானத்தைத்தான்.

இனிச் செய்யக்கூடியவை

மேன்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். பொதுவாக அப்படி நடக்காது. ஏற்கெனவே பதிவில் உள்ளதை வைத்தே வாதம். புதிய சான்றை ஏற்கும் அதிகாரம் உண்டு, ஆனால் வழக்கு நடந்தபோதே கொண்டுவந்திருக்கக் கூடியதை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். அறிக்கை எழுதியவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பதும் அதுபோலத்தான். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 414ஆம் பிரிவு அவர் வராமலேயே அறிக்கையை ஏற்க இடம் தருகிறது. அவரை அழைக்கும்படி எதிரி தரப்பு அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது அதைப் பிடித்துத் தொங்குவதில் பலன் குறைவு.

பலமான வாதம் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. நேரில் கண்ட சாட்சி இல்லாத, சூழ்நிலைச் சான்றை மட்டும் நம்பிய வழக்கு இது. அப்படியான வழக்கில் குற்றம் என்பதைத் தவிர வேறு நியாயமான விளக்கம் எதற்கும் இடம் இருக்கக்கூடாது என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. தோட்டக்காரன் சேட்டு, மண்ணெண்ணெய் விற்ற கடை, குப்பி விளக்கு, கிடுகுக் கூரை. இந்த நாலும் அரச தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே வந்தவை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தர்க்கம் நடந்தது உண்மை. இரவு அந்த வீதியால் போனது, அயலவர் சொன்னது சரியென்றால், உண்மை. பத்தைக்குள் கான் எப்படிப் போனது என்பதற்குத் தம்பி தந்த விளக்கம் எனக்கும் திருப்தியாக இல்லை. விஞ்ஞானத் துண்டுகளைக் கழற்றி எடுத்தாலும் மிச்சம் போதும் என்று நீதியரசர்கள் நினைக்கலாம். விடுதலைக்குப் பதிலாக மறுவிசாரணைக்கும் அனுப்பலாம். அப்படியானால் இன்னும் சில ஆண்டு விளக்கமறியல். தோற்றால் உயர் நீதிமன்றத்துக்கு விசேட அனுமதி கேட்க ஆறு வாரம் இருக்கும். மேன்முறையீடு முடியும்வரை பிணையை எதிர்பார்க்காதீர்கள். “தூக்கு” என்ற சொல்லைக் கேட்டு அம்மா சாப்பிடுவதில்லை என்றீர்கள். இந்த நாட்டில் 1976 ஜூனுக்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஜனாதிபதிக்கு எழுதுவதை ஒத்திவையுங்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின்படி கிடைப்பது மன்னிப்பு அல்லது தண்டனைக் குறைப்பு. செய்யவில்லை என்று நிற்பவருக்கு முதலில் வேண்டியது தீர்ப்பு நீங்குவது. பிரித்தானியாவில் பிழையான தீர்ப்புகளைத் திரும்பப் பார்க்க 1997 முதல் தனி ஆணைக்குழு இயங்குகிறது. நம்மிடம் அது இல்லாதபடியால் இந்த மேன்முறையீடே பெரிய கதவு.

சித்தப்பா அந்த அயலவரிடம் போய் “கதைத்துப் பார்க்க” இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மறித்துவிடுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் கடுமையானது, நல்லெண்ணத்தோடு போனாலும் மிரட்டல் என்று ஆகிவிடும். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தால் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை விண்ணப்பித்து எடுக்கச் சொல்லுங்கள். சான்றுப்பொருள் பதிவேட்டின் பக்கங்களும் வேண்டும்: என்ன தேதி, எந்தப் பை, எத்தனை முத்திரை, யார் கொண்டுபோனது. சாட்சியம் தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில், குறிப்பேடு சிங்களத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பில் “காணப்பட்டது” என்பது “ஊற்றப்பட்டது” ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். நானும் உதவுகிறேன்.

காசு விசயம். சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா அல்லது கிளிநொச்சி நிலையத்துக்குத் தீர்ப்பின் பிரதியோடும் கிராம அலுவலரின் வருமானச் சான்றோடும் போங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாத கைதிக்கு மேன்முறையீட்டு நீதிமன்றமே ஒருவரை நியமிப்பதும் உண்டு. கொழும்பில் ஆளைத் தெரியும், இவ்வளவு தந்தால் வழக்கு வெல்லும் என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வாட்டர் பம். விற்க வேண்டாம், தங்கச்சி. வாங்க வந்தவரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். மறுவிசாரணை என்று வந்தால், தம்பியின் சேட்டில் மண்ணெண்ணெய் எப்படி வந்தது என்று நீதிமன்றத்துக்குக் காட்டக் கையில் இருக்கும் ஒரே பொருள் அதுதான். கழுவாமல், பெயின்ற் அடிக்காமல், இருக்கிற மாதிரியே சாக்கு ஒன்றால் மூடிக் கொட்டிலுக்குள் வையுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, திருத்திய கடைத் துண்டு, தம்பி அதோடு நிற்கும் பழைய படம் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். அடுத்த முறை அநுராதபுரத்தில் தம்பியைப் பார்க்கப் போகும்போது, அன்று காலையில் எத்தனை மணிக்குப் பம் போட்டான், எண்ணெய் விட்டது எந்தக் கையால், அந்தச் சேட்டை எப்போது கடைசியாகத் தோய்த்தது என்று கேட்டு எழுதி வாருங்கள்.